நாற்பத்தாறு வாங்கியவள்

பாண்டிச்செல்வி ஒரு மேல்நிலைப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறவள். நாற்பத்தொரு வயதில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதித் தேறினாள். கணக்கில் நாற்பத்தாறு.

அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெனிட்டா டீச்சர். வயது இருபத்தேழு. மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். மழை ஓயாத ஊரில் பிறந்து, முதல் வேலைக்கு இந்தக் கரிசல் காட்டுக்கு வந்து சேர்ந்தவர்.

வயதில் மூத்தவள் என்பதால் டீச்சர் அவளை அக்கா என்றார். சொல்லிக்கொடுப்பவர் என்பதால் அவள் டீச்சரை வாங்க, போங்க என்றாள். இரண்டு பேருக்கும் அது சரியாகவே இருந்தது.

டீச்சரிடம் ஒரு பழக்கம். எதைக் கேட்டாலும் நேராகப் பதில் வராது. "அவங்ககிட்ட மணி கேட்டா, வெளியே போய் நிழலைப் பாருன்னுவாங்க" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

மதியம் இரண்டேகாலுக்குள் பாத்திரம் கழுவி முடிந்துவிடும். டீச்சருக்கும் அந்த நேரம் வகுப்பு கிடையாது. சமையல் கூடத்தை ஒட்டிய சாமான் அறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, பாடம் நடக்கும்.

ஒரு நாள் பாண்டிச்செல்வி புத்தகத்துக்குப் பதில் ஒரு படிவத்தை எடுத்துவந்தாள். திறந்தநிலைப் பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்பு விண்ணப்பம். ஐந்து பாடங்கள் எழுத வேண்டும். தமிழ், ஆங்கிலம், வரலாறு, பொருளாதாரம் என்று நான்கை நிரப்பியிருந்தாள். ஐந்தாவது கட்டம் காலியாக இருந்தது.

"அஞ்சாவது என்னக்கா?"

"அதைக் கேக்கத்தான் வந்தேன். நாப்பத்தாறு வாங்குனவ கணக்கு எடுக்கலாமா டீச்சர்?"

டீச்சர் படிவத்தைப் பார்த்தார். பிறகு அவளுடைய வலது கையைப் பார்த்தார். மணிக்கட்டைச் சுற்றிப் பட்டைத்துணி கட்டியிருந்தது.

பதினாறு வருஷமாக அண்டா தூக்கிய கை அது. போன மாதம் அரசு ஆஸ்பத்திரி டாக்டர் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனிமே கனம் தூக்காதம்மா" என்றார். தூக்காமல் நூற்று அறுபது பிள்ளைகளுக்கு எப்படிச் சோறு போடுவது என்று அவர் சொல்லவில்லை.

அடுத்த ஊரில் மாணவியர் விடுதி ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். திறக்கும்போது பதிவேடு எழுத ஆள் எடுப்பார்கள், பன்னிரண்டு முடித்திருந்தால் போதும் என்று பேச்சு. நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை. பாண்டிச்செல்வியின் கண் அதன்மேல் இருந்தது. கூட வேலை செய்யும் உதவியாளர் கனகவல்லியின் கண்ணும்தான்.

"கனகவல்லி எதை எடுக்குறாங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"மனையியல். 'எக்கா, அரிசிக்கு எவ்வளவு தண்ணி வைக்கணும்னு எழுதுனாலே பாதி மார்க்கு வந்துரும்'கிறா."

"உங்க பொண்ணு?"

"யோகாவும் அதையேதான் சொல்றா. வாழ்நாள் பூரா செஞ்சதையே எழுதி மார்க்கு வாங்கச் சொல்றாங்க, அதை விட்டுட்டு ஏம்மா கிணத்துல குதிக்கிறேன்னு போன்ல ஒரே சண்டை. அவுக அப்பா, கையைப் பாரு, அதுதான் முக்கியம்னுட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாரு."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்குச் சொல்லத் தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் டீச்சர் வர்றேன்?"

டீச்சர் ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்தார். "கணக்கு ஏன் வேணும்?"

பாண்டிச்செல்வி எதிர் மூட்டையில் உட்கார்ந்தாள்.

"மத்த பாடத்துல எல்லாம் அவுக சொல்றதை நான் நம்பணும். இந்த ராசா இந்த வருசம் செத்தாருன்னா, செத்தாருன்னு எழுதணும். கணக்குல யாரையும் நம்ப வேண்டாம். நானே போட்டுப் பாத்துக்கலாம்."

டீச்சர் தலையசைத்தார்.

"ஆனா வரமாட்டேங்குதே டீச்சர். நாப்பத்தாறுல இருபது மனப்பாடம். வராத ஒண்ணு மேல ஒருத்தி ஆசை வைக்கலாமா?"

டீச்சர் ஒரு தாளை எடுத்து மடியில் வைத்து எழுதினார்.

1
1 + 3
1 + 3 + 5
1 + 3 + 5 + 7

"கூட்டிப் பாருங்க."

"ஒண்ணு. நாலு. ஒம்பது. பதினாறு."

"இந்த நாலு பேரையும் வேற எங்கேயாவது பாத்திருக்கீங்களா?"

பாண்டிச்செல்வி உதட்டுக்குள் முணுமுணுத்தாள். "ஓரொண்ணு ஒண்ணு. ஈரெண்டு நாலு. மும்மூணு ஒம்பது. நாநாலு..." நிறுத்தினாள். நிமிர்ந்தாள். "ஏன் டீச்சர் அப்படி வருது?"

"அதைத்தான் நான் கேக்குறேன். படிவம் கொடுக்க எத்தனை நாள் இருக்கு?"

"பதினாலு நாள்."

"பதிமூணாம் நாள் வரைக்கும் இது உங்ககிட்ட இருக்கட்டும்."

"விடை கண்டுபிடிச்சா கணக்கு, இல்லேன்னா மனையியல். அதானே?"

"அப்படி நான் சொல்லல" என்றார் டீச்சர்.

மூன்றாம் நாள் பாண்டிச்செல்வி ஒரு நீளத் தாளோடு வந்தாள். இரண்டு பக்கமும் எழுதி நிரம்பியிருந்தது.

"ஒத்தைப்படை எண்ணா நாப்பது எண்ணைக் கூட்டிப் பாத்துட்டேன். ஒவ்வொரு வரியும் சரியா வருது. கடைசியில ஆயிரத்து அறுநூறு. நாப்பதை நாப்பதால பெருக்குனாலும் அதேதான்."

"நாப்பத்தொண்ணுக்கு?"

"வரும்."

"கூட்டிப் பாத்தீங்களா?"

"இல்ல."

"பின்ன எப்படித் தெரியும்?"

பாண்டிச்செல்வி தாளைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். தாளைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் சாம்பார் சாதத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். முதல் வாய் வைத்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் அவசரமாக இன்னொரு உலை வைத்து, வெறும் சோறு வடித்து, கலந்து போட்டாள். அன்றைக்குச் சாப்பாடு முக்கால் மணி நேரம் தாமதம். தலைமை ஆசிரியர் வாசலில் வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

"எக்கா, அந்தக் கணக்கு உன்னையக் காவு வாங்காம விடாது" என்றாள் கனகவல்லி.

அன்றைக்கு அவள் பாடத்துக்கு வந்தபோது கண் சிவந்திருந்தது.

"பிள்ளைக வயித்துல அடிச்சிட்டேன் டீச்சர். ஒரு நுனியையாவது காட்டிவிடுங்க. பிடிச்சுக்கிட்டுப் போயிடுறேன்."

"நான் காட்டினா அது என்னோட விடை ஆயிடும்."

"ஆனா ஆயிட்டுப் போகுது."

டீச்சர் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. அவள் எழுந்து போகும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார்.

பதினோராம் நாள் காலை. முட்டை வேகவைக்க வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. பாண்டிச்செல்வி முட்டைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து உலையில் விட்டாள்.

மூலையிலிருந்த முட்டையை முதலில் எடுத்தாள். ஒரு குழி தெரிந்தது.

அந்தக் குழியை ஒட்டி இருந்ததை எடுத்தாள். பக்கத்தில் ஒன்று, கீழே ஒன்று, இரண்டுக்கும் நடுவில் கோணத்தில் ஒன்று. மூன்று. இப்போது இரண்டுக்கு இரண்டாக நான்கு குழிகள், சதுரமாக.

கை நின்றது.

அந்தச் சதுரத்தை ஒட்டியிருந்த முட்டைகளை எண்ணினாள். பக்கத்தில் இரண்டு. கீழே இரண்டு. கோணத்துக்கு ஒன்று. ஐந்து. எடுத்தாள். மூன்றுக்கு மூன்று.

அடுத்ததை அவள் எடுக்கவில்லை. எடுக்காமலே தெரிந்தது.

"கனகு, உலையைப் பாத்துக்க" என்றாள். தட்டைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு மைதானத்தைத் தாண்டி நடந்தாள். நடை பாதியில் ஓட்டமாகிவிட்டது.

டீச்சர் ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வாசலில் முட்டைத் தட்டோடு நின்ற பாண்டிச்செல்வியைப் பார்த்து, "இன்னைக்கு முட்டை கிளாசுக்கே வந்துருச்சுடி" என்று ஒரு பிள்ளை கத்த, வகுப்பே சிரித்தது. டீச்சர் வெளியே வந்தார்.

"பக்கத்துக்கு ரெண்டு, கீழுக்கு ரெண்டு, கோணத்துக்கு ஒண்ணு" என்றாள் பாண்டிச்செல்வி. மூச்சு வாங்கியது. "அஞ்சு. அடுத்தது மூணும் மூணும் ஆறு, கோணத்துக்கு ஒண்ணு. ஏழு. ஒவ்வொரு சுத்துக்கும் பக்கத்துக்கு ஒண்ணு, கீழுக்கு ஒண்ணு கூடும். ரெண்டு ரெண்டாத்தான் கூடும். சேத்தா எப்பவும் சதுரம்தான் டீச்சர். வேற எப்படியும் வராது."

"நாப்பத்தொண்ணு?"

"பக்கத்துக்கு நாப்பது, கீழுக்கு நாப்பது, கோணத்துக்கு ஒண்ணு. எம்பத்தொண்ணு. நாப்பதுக்கு நாப்பதா இருந்தது நாப்பத்தொண்ணுக்கு நாப்பத்தொண்ணு ஆயிடும்."

"கூட்டிப் பாத்தீங்களா?"

"எதுக்கு டீச்சர்? தட்டுதான் சின்னது. இது போய்க்கிட்டே இருக்கும்."

டீச்சர் தட்டை வாங்கிப் பார்த்தார். அவர் இதைக் கல்லூரியில் சூத்திரமாகப் படித்தவர். பத்து வரிகளில் நிரூபித்து முழு மதிப்பெண் வாங்கியவர். இப்போது ஒன்பது வெற்றுக் குழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, முட்டை வேகணும். போங்க" என்றார். தட்டை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

பதிமூன்றாம் நாள் பாண்டிச்செல்வி படிவத்தோடு வந்தாள். நெற்றியில் பெரிதாகக் குங்குமம். முகத்தில் இரண்டு நாள் முந்தைய வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. உட்கார்ந்ததும் அதுவும் வடிந்தது.

"ஒண்ணு கேக்கவா? நான் போட்டேனே, அதுக்குப் பரீட்சையில எத்தனை மார்க்கு?"

"ரெண்டு."

"எம்புட்டு நேரம்?"

"நாலு நிமிஷத்துல போடணும்."

"எனக்குப் பதினோரு நாள் ஆச்சு."

"ஆமா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பாண்டிச்செல்வி முதலில் நிறுத்தினாள்.

"அப்ப நான் பெயிலாயிருவேன்."

"ஆகலாம்."

"ஆகமாட்டேன்னு சொல்ல மாட்டீங்களா?"

"எனக்குத் தெரியாதுக்கா. தெரியாததை எப்படிச் சொல்ல?"

"எடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் எடுத்துடுறேன்."

"நான் சொல்லி எடுத்தீங்கன்னா, பரீட்சை ஹால்ல உங்க பக்கத்துல நான் இருக்க மாட்டேன்."

"அப்ப எடுக்காதீங்கன்னாவது சொல்லுங்க. கனகு கூடச் சேந்து மனையியல் படிச்சுக்கிறேன்."

"அப்படிச் சொன்னா, அந்தப் புத்தகத்தைத் திறக்குறப்பல்லாம் என் முகம்தான் வந்து நிக்கும்."

பாண்டிச்செல்வி பட்டைத்துணியின் முடிச்சை அவிழ்த்தாள். மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

"மனையியல் எடுத்தா கைக்கு நல்லது" என்றார் டீச்சர் மெதுவாக. "அது எனக்குத் தெரியும். தெரிஞ்சதைச் சொல்லிட்டேன்."

"அது எனக்கும் தெரியும்."

வெளியே குழாயில் யாரோ கை கழுவும் சத்தம் கேட்டது. நின்றது.

"பேனா இருக்கா டீச்சர்?"

டீச்சர் கொடுத்தார். பாண்டிச்செல்வி ஐந்தாவது கட்டத்தில் கணிதம் என்று எழுதினாள். கை வலித்ததால் எழுத்து பெரிதாகி, கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. மை காயும்வரை டீச்சர் அந்தப் படிவத்தை மடிக்கவில்லை.

ஒரு வருஷம் படித்தாள்.

சில விஷயங்கள் அவளுக்குச் சட்டென்று பிடித்துக்கொண்டன. வளையங்களும் கோடுகளும் பிடித்தன. ஒரு கோட்டை நாலு எழுத்தில் அடக்கிவிடலாம் என்பது அவளுக்குப் பெரிய ஆச்சரியம். சில கடைசிவரை வரவில்லை. கற்பனை எண் என்று ஒன்றைச் சொன்னபோது கோபமே வந்துவிட்டது. "அப்படி ஒண்ணு இல்லேன்னு நீங்களே சொன்னீங்க. இப்ப அதை வச்சே கூட்டு, கழிங்கிறீங்க. இல்லாத வீட்டுக்கு ஓடு மாத்துற மாதிரில்ல இருக்கு."

"அதையே கணக்குக்காரங்களும் ரொம்ப நாள் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாங்க" என்றார் டீச்சர்.

"பின்ன எப்படி ஒத்துக்கிட்டாங்க?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"போங்க டீச்சர்."

கை ரொம்ப வலிக்கும் நாட்களில் அவள் வாயால் சொல்வாள், டீச்சர் எழுதுவார். தப்பாகச் சொன்னால் தப்பாகவே எழுதுவார். நாலு வரி தள்ளி அவளே கண்டுபிடித்து, "அய்யய்யோ, மேல அடிங்க, மேல அடிங்க" என்பாள்.

பரீட்சை வந்தது. போனது. ஒன்றரை மாதம் கழித்து முடிவும் வந்தது.

கனகவல்லி எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். மனையியலில் எழுபத்தொன்று. பாண்டிச்செல்வி நான்கு பாடங்களில் தேறினாள். கணக்கில் இருபத்தொன்பது. முப்பத்துமூன்று எடுத்தால்தான் தேர்ச்சி.

அந்த மாதமே விடுதியைத் திறந்தார்கள். கனகவல்லிக்கு வேலை கிடைத்தது. போகிற அன்று அவள் பாண்டிச்செல்வியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். "எக்கா, உன்னைத் தனியா விட்டுட்டுப் போறேனே" என்றாள். "போடி கிறுக்கி, சம்பளம் வாங்குனதும் எனக்கு ஒரு சீலை எடுத்துக் கொடு" என்று பாண்டிச்செல்வி அவளை பஸ் ஏற்றிவிட்டாள்.

கனகவல்லி இடத்துக்கு ஆள் போடவில்லை.

அண்டாவைத் தனியாக இறக்க முடியாது. பாண்டிச்செல்வி அடுப்பில் இருக்கும்போதே சின்னப் பாத்திரத்தால் சோற்றை அள்ளி அள்ளி வாளிகளில் கொட்டினாள். பாதி குறைந்தபின் அண்டாவை இழுத்து இறக்கினாள். அதற்குள் அடிச்சோறு குழைந்துவிடும். கையும் வீங்கிவிடும்.

கனகவல்லி போன மறுநாள் டீச்சர் சாமான் அறைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள், பன்னிரண்டு அடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது, சமையல் கூடத்து வாசலில் வந்து நின்றார்.

"வாங்க டீச்சர். ரெண்டு நாளா எங்க போனீங்க?"

"உங்க முகத்தைப் பாக்க முடியல."

"என் முகத்துக்கு என்ன வந்துச்சு?"

டீச்சர் உள்ளே வரவில்லை. "அன்னைக்கு நான் மனையியல்னு அழுத்தமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா இப்ப நீங்க அங்க நாற்காலியில உக்காந்திருப்பீங்க."

பாண்டிச்செல்வி கரண்டியைக் கீழே வைத்தாள். முந்தானையால் ஒரு ஸ்டூலைத் துடைத்து, வாசல் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. பரீட்சையில என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு இன்னும் சொல்லலையே."

டீச்சர் உட்கார்ந்தார்.

"அஞ்சு மார்க்குக் கணக்கு ஒண்ணு. ஒரு வளையம் கொடுத்திருந்தாங்க. ஒரு கோடு அதை வெட்டாம தொட்டுட்டு மட்டும் போகணும். அதுக்கு இந்த எண் என்னவா இருக்கணும்னு கேட்டிருந்தாங்க. போட்டேன். நாலுன்னு வந்துச்சு."

"சரிதான்."

"அதை எழுதிட்டு அடுத்ததுக்குப் போயிருக்கலாம். ஆனா படத்தைப் பாத்தேனா? மேல ஒரு கோடு தொட்டா, அதே சாய்வுல கீழேயும் ஒரு கோடு தொடணுமேன்னு தோணிப்போச்சு. நான் போட்டதுல அது வரல. எங்க காணாமப் போச்சுன்னு தேட ஆரம்பிச்சேன்."

"எவ்வளவு நேரம்?"

"அம்பது நிமிஷம்."

"அக்கா..." என்று டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்த அம்பது நிமிஷத்துல வேற மூணு கணக்கைப் போட்டிருக்கலாமே. தேறியிருப்பீங்களே."

"தெரியும் டீச்சர். சுவர்க்கடிகாரம் எனக்கு நேரா இருந்துச்சு. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். விட முடியல."

டீச்சர் கையை எடுத்தார். "கிடைச்சுதா?"

பாண்டிச்செல்வியின் முகம் மலர்ந்தது. அடுப்பு வெக்கையில் வேர்த்திருந்த முகம்.

"கிடைச்சுது டீச்சர். வர்க்கத்தை எடுத்து மூலம் போட்டப்ப ஒரு குறியை விட்டுட்டேன். கழித்தல் நாலும் உண்டு. கீழ்க்கோடு அங்கதான் நின்னுச்சு. எழுதி முடிச்சேன், மணி அடிச்சிட்டாங்க. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. மேற்பார்வைக்கு நின்ன சார், என்னம்மா, எல்லாம் எழுதிட்டியான்னு கேட்டார். ஒண்ணு எழுதிட்டேன் சார்னேன்."



பாண்டிச்செல்வி அடுப்புப் பக்கம் திரும்பினாள். மூடியைத் தூக்கி ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். வெந்திருந்தது.

"தோத்த பாடத்தை மட்டும் மறுபடி எழுதலாமாம்" என்றாள் திரும்பாமலே. "வேணும்னா பாடத்தையே மாத்திக்கலாமாம். விடுதியில சீக்கிரமே இன்னொரு ஆள் எடுப்பாங்கன்னு கனகு போன் போட்டுச் சொன்னா. மாத்திக்கக்கா, ஆறு மாசத்துல என் பக்கத்துல வந்து உக்காந்துரலாம்கிறா."

"ம்."

"யோகா ஒண்ணும் சொல்லல. அவ ஒண்ணும் சொல்லாததுதான் எனக்குப் பயமா இருக்கு."

"நீங்க என்ன நினைச்சிருக்கீங்க?"

"நினைச்சதெல்லாம் இருக்கட்டும். கணக்குன்னா இன்னும் ஒரு வருசமாவது ஆகும். அதுவரைக்கும் இந்த அண்டாதான். தனி ஆளா." அவள் வீங்கிய கையைத் தூக்கிப் பார்த்தாள். "மனசு ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு சொல்லுது. நான் எதைக் கேக்கட்டும் டீச்சர்? இந்த ஒரு தடவையாவது நேராச் சொல்லுங்க."

டீச்சர் ஸ்டூலை விட்டு எழுந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கொடியில் கிடந்த சாக்குத்துணிகளில் ஒன்றை எடுத்து இரண்டாக மடித்தார்.

"ஹெச்.எம். சார்கிட்ட ரெண்டு நாளாப் பேசி, பன்னெண்டு மணி வகுப்பை மாத்தி வாங்கிட்டேன்" என்றார். "இனிமே இந்த நேரத்துக்கு நான் சும்மாதான் இருப்பேன். தினமும்."

பாண்டிச்செல்விக்கு முதலில் புரியவில்லை. டீச்சர் அடுப்பின் அந்தப் பக்கம் போய் நின்றபோது புரிந்தது.

"ஐயோ, வேண்டாம் டீச்சர். சீலையெல்லாம் கரியாயிடும். யாராவது பாத்தா என்ன சொல்லுவாங்க?"

டீச்சர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். குனிந்து, சாக்குத்துணியால் அண்டாவின் ஒரு காதைப் பிடித்தார்.

"இந்தக் காது என்னோடது" என்றார். "கணக்கு உங்களோடதுக்கா."